களையை வரவில் வைத்த ஆல்பர்ட் ஹோவர்டு

களை என்றால் பிடுங்கி வரப்பில் எறிவது, காய்ந்ததும் தீ வைப்பது. கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கும் இது மறந்திராது. அந்தக் களையையும் வரவுக் கணக்கில் சேர்த்தவர் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

இங்கிலாந்தில் 1873-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் படித்து, 1905-ல் பீகாரிலுள்ள பூசாவுக்கு அரசாங்கத் தாவர நிபுணராக வந்தார். மனைவி கேப்ரியலும் விஞ்ஞானி. இருவரும் உண்டாக்கிய கோதுமை ரகங்கள் பெயர் பெற்றன. ஆயினும் தமக்கு ஆசான்கள் சுற்றுவட்டாரக் குடியானவர்களே என்பதை ஹோவர்டு மறைத்ததில்லை. பெரிய பட்டம் பெற்றவர்களில் இது அபூர்வம்.

1924-ல் இந்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். சுமார் 300 ஏக்கர் பண்ணை; பயிரும் உண்டு, உழவு மாடுகளும் உண்டு. ஆனால் கரிசல் பூமி. மழை பிடித்துக்கொண்டால் கால் வைக்க முடியாது. அதற்குள் களை பயிரை மூடிவிடும்.

பிடுங்கிய களை பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார் ஹோவர்டு. முதலில் வெயிலில் வாட வேண்டும். பச்சையாகக் குவித்தால் அமுங்கிவிடும், காற்றுப் புகாது. வாடியதைச் சருகு, தாளோடு கலந்து மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பினார்கள். பருத்திமாரும் துவரைமாரும் லேசில் மக்குமா? அவற்றைப் பண்ணைப் பாதையில் போட்டார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே நசுக்கிக் கொடுத்தது. காசில்லாத யந்திரம்! பிறகு சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாம் சேர்த்து, ஆழமில்லாத குழியில் தளர்வாக நிரப்பித் தண்ணீர் தெளித்து, மூன்று முறை புரட்டினால் 3 மாதத்தில் எரு தயார்.

சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. குவியல் 60 டிகிரியைத் தொட்டால்தான் களை விதை சாகும். ஓரத்தில் கிடப்பது புரட்டும்போது நடுவுக்கு வரவேண்டும். அதில் சோம்பினால், பிடுங்கிய களையை நாமே வண்டியேற்றி வயலுக்குத் திருப்பி அனுப்பியதாகும். கூலி கொடுத்துக் களையெடுத்தவனுக்கு அந்த நஷ்டம் புரியும்.

1930-ல் கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்டும் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே 1931-ல் வெளிவந்த நூலில் உடன் உழைத்த யஷ்வந்த் வாட் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. பின்னால் எழுதியவர்கள் பலர் அதை விட்டுவிட்டது நியாயமல்ல. முறைக்குத் தம் பெயரை வைக்காமல் இந்தூரின் பெயரையே வைத்தார் ஹோவர்டு. 1935-ல் இந்தூர் வந்த காந்திஜி அந்த எருக்குழிகளைப் போய்ப் பார்த்தார்.

இங்கிலாந்து திரும்பியவர், ரசாயன உரத்தை எதிர்த்து எழுதிச் சக விஞ்ஞானிகள் பலரைப் பகைத்துக்கொண்டார். 1947 அக்டோபரில் காலமாகும் வரை அந்தச் சண்டையை அவர் விடவில்லை.