கேமரா சேர்த்த நண்பர்கள்

லயனல் வெண்ட் 1900-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்றார். ஊர் திரும்பியபின் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. கேமரா அவரை ஈர்த்தது. இருட்டறையில் புதுப்புது முறைகளில் படம் கழுவிப் பார்ப்பார். தாம் கற்றதைப் பகிர, சக ஆர்வலர்களோடு இலங்கைப் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஓவியர்களும் அவருக்கு நண்பர்களாயினர். ஜார்ஜ் கீட்டின் புதுமையான ஓவியங்களை ஏற்கப் பலர் தயங்கியபோது வெண்ட் துணை நின்றார். 1943-இல் அவர் வீட்டில் கூடிய ஓவியர்கள் ‘43 குழு’வை அமைத்தனர்.

மறு ஆண்டே, 44 வயதில், வெண்ட் திடீரென இறந்தார். அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நண்பர்கள் இல்லையேல் அவர் உழைப்பு மறைந்தே போயிருக்கும். அவர்கள் தேர்ந்தெடுத்த படங்கள் 1950-இல் நூலாக வெளிவந்தன. அவர் வாழ்ந்த இடத்தில் 1953-இல் அவர் பெயரிலேயே அரங்கமும் திறக்கப்பட்டது.