மேட்டைத் தோண்டிய ஜனாதிபதி



தாமஸ் ஜெபர்சன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி. பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் ஒரு புதைமேட்டைப் பார்க்கப் போன கதைதான்.

1743 ஏப்ரல் 13 அன்று வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா நில அளவையாளர். மகனுக்கு 14 வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். ஜெபர்சன் படித்து வக்கீலானார். 1776இல் பிரகடனத்தை எழுதியபோது வயது 33.

அவர் வீட்டுப் பக்கம் ரிவானா என்று ஓர் ஆறு. அதன் கரையில், பழைய செவ்விந்தியர் ஊர் இருந்த இடத்துக்கு எதிரே, ஒரு மண்மேடு. அடியில் 40 அடி அகலம். ஒரு காலத்தில் 12 அடி உயரமாம்; ஏர் உழுது உழுது ஏழரை அடியாகக் குறைந்துவிட்டது. உள்ளே எலும்பு இருக்குன்னு ஊருக்கே தெரியும். யாருடைய எலும்பு? போரில் செத்தவங்க என்றார்கள் சிலர். ஒரே ஊர்க்காரர்களை நிற்க வைத்தபடி புதைத்தார்கள் என்றார்கள் வேறு சிலர்.

ஜெபர்சன் இரண்டையும் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. தோண்டிப் பார்த்துடலாம்னு முடிவு செய்தார். 1780களின் தொடக்கம் அது. புதையல் தேடுறவங்க மாதிரி கண்டபடி பள்ளம் பறிக்கவில்லை. ஒரு ஆள் உள்ளே நடந்து போய் இரு பக்கமும் பார்க்கிற அகலத்தில், மேட்டின் நடுவே நேராக வெட்டச் செய்தார். எலும்பு, கல், மண், மறுபடி எலும்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே இருந்த எலும்புகள் அவ்வளவாக மக்கவில்லை. அப்படியானால் எல்லாரையும் ஒரே நாளில் புதைக்கவில்லை! குழந்தைகளின் எலும்பும் இருந்தது. அம்போ குண்டோ துளைத்த அடையாளம் எதிலும் இல்லை. எனவே போர்க்களக் கதை பொய். எலும்புகள் தாறுமாறாகக் கிடந்தன. எனவே நிற்க வைத்த கதையும் பொய். சுமார் ஆயிரம் பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் 1785இல் அச்சான தன் புத்தகத்தில் எழுதினார். அமெரிக்கத் தொல்லியலின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்குச் சுமார் 30 வருஷம் முன்னால் சில செவ்விந்தியர்கள் அந்த வழியாகப் போனார்கள். பெரிய சாலையை விட்டு ஆறு மைல் விலகி, யாரிடமும் வழி கேட்காமல், காட்டுக்குள் நேரே அந்த மேட்டுக்குப் போய், துக்கத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்களாம். தோண்டாமலே அவங்களுக்குத் தெரிந்திருக்கு, அது யாருடைய இடம்னு! மோனகன் மக்களின் முன்னோர் கட்டியது அது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த மக்களை அமெரிக்க அரசு முறைப்படி அங்கீகரித்தது 2018இல்தான்.

ஜெபர்சன் 1801 முதல் 1809 வரை ஜனாதிபதி. பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று காலமானார். தன் கல்லறையில் என்ன பொறிக்கணும் என்று அவரே எழுதி வைத்திருந்தார்: பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், பல்கலைக்கழகம், இந்த மூன்று மட்டும். ஜனாதிபதி பதவி அதில் இல்லை!

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அதே மனிதர், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவருடைய தோட்டத்திலேயே அவர்களுடைய இடுகாடு ஒன்று இருக்கிறது. 40க்கும் மேற்பட்ட குழிகள். யார் யார் என்று தெரியாது.

பெயர் இல்லாத மேட்டிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர் ஜெபர்சன். பக்கத்திலேயே வாழ்ந்தவர்களின் பெயரைக் கல்லில் எழுதணும்னு அவருக்குத் தோணலையே! அறிவைப் பாராட்டுவோம், இதையும் மறக்காமல் இருப்போம்.