செஞ்சி வீரன் தேசிங்கு

கல்வராயன் மலையின் கீழ்ச்சாரலில் அமைந்த கள்ளக்குறிச்சியும், வானளாவிய கோட்டையை உடைய செஞ்சியும் நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டம் என்னும் ஒரே நிலப்பகுதியில் அடங்கியிருந்தன. அந்நிலத்தில் வாழ்ந்து, இருபத்திரண்டு வயதிலேயே போர்க்களத்தில் மாண்ட இளவீரன் ஒருவன் இன்றும் மக்கள் நெஞ்சில் வாழ்கின்றான். அவனே தேசிங்குராசன்.

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில் வளைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. மராட்டியர் வசமிருந்த இக்கோட்டையை முகலாயப் படை பல்லாண்டுகள் முற்றுகையிட்டு, 1698ஆம் ஆண்டில் கைப்பற்றியது. பின்னர், பண்டேல இராசபுத்திர மரபினரான சொரூப்சிங்கு என்பவரைப் பேரரசர் ஔரங்கசீப்பு கோட்டைத் தலைவராக்கினார். அவருடைய மைந்தன் தேச்சிங்கு. அப்பெயரே தமிழ் மக்கள் நாவில் தேசிங்கு என்றாயிற்று.

1714ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். தேசிங்கு செஞ்சியின் தலைமையை ஏற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் நிலுவையிலிருந்த கப்பப் பணத்தைக் கேட்டார். பேரரசர் தன் தந்தைக்கு அளித்த உரிமை தனக்கும் உண்டு என்பது தேசிங்கின் எண்ணம். புதிய பேரரசரின் ஒப்புதலின்றி அவ்வுரிமை செல்லாது என்பது நவாபின் வாதம். பணிந்து வாழ்வதா, எதிர்த்து மடிவதா என்னும் நிலை வந்தது. இளையவன் போரையே தேர்ந்தான்.

நவாபின் படையோ பெரிது. தேசிங்கின் பக்கம் இருந்தோர் சில நூற்றுவரே. ஆயினும் அவனுக்கு மாவத்துக்கான் என்னும் ஒப்பற்ற நண்பன் இருந்தான். தேசிங்கு இந்து, மாவத்துக்கான் இசுலாமியன். எதிர்த்து வந்த நவாபும் இசுலாமியரே. எனினும் சமயத்தை எண்ணாது நட்பையே எண்ணினான் அவ்வீரன். திருமணக் கோலத்தில் இருந்தபோது போர்ச்செய்தி கேட்டு, மணமாலையுடன் களத்திற்கு விரைந்தான் என்று நாட்டுப்பாடல் கூறும். சிங்கவரத்து அரங்கநாதரிடம் தேசிங்கு விடைபெறச் சென்றபோது, அப்பெருமான் அனுப்ப மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் மக்கள் வழங்கும் கதையாகும்.

1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் போர் மூண்டது. வெள்ளம் பெருகிய ஆற்றைத் தேசிங்கு தன் குதிரைமீது ஏறிக் கடந்தான். பகைவரின் யானைப்படையை நோக்கிப் பாய்ந்தான். நண்பன் வீழ்ந்தான், அருமைக் குதிரையும் வீழ்ந்தது. அதன் பின்னும் வாளேந்திப் பொருத தேசிங்கு, குண்டு பாய்ந்து நிலத்தில் சாய்ந்தான்.

அவனுடைய இளமனைவி உடன்கட்டை ஏறினாள். கொடிய அவ்வழக்கம் பின்னாளில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தார் என்பர். பகைவரும் மதிக்கும் பண்பு அவ்விளைஞர்களிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்றாகும்.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது சில திங்களே. வென்றவர் பெயரை ஏடுகளே அறியும். தோற்றவன் பெயரையோ உழவரும் கூத்தரும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். 2025ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அக்கோட்டையின் மதில்களைக் காணச் செல்லும் மாணவர்கள், அங்கே வாழ்ந்த இரு நண்பர்களையும் எண்ணுதல் வேண்டும். வாழ்நாளின் அளவு சிறிதாயினும், அஞ்சாமையும் நட்பும் நிலைத்த புகழைத் தரும் என்பதை அவர்கள் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.