கை நடுங்கியது, வரைவது நிற்கவில்லை: யார் இந்த நிக்கோலா பூசான்?

மியூசியத்தில் பழைய மை ஓவியம் ஒன்றைப் பார்த்தால், ‘கலரே இல்லையே’ன்னு கடந்து போயிடுவோம். கொஞ்சம் நின்னு பார்த்தா, வரைந்தவரின் வாழ்க்கையே அதில் தெரியும். பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் இதற்கு நல்ல உதாரணம்.

கவிஞர் கொடுத்த வாய்ப்பு

1594-ல் நார்மண்டியில் பிறந்தவர். பாரிஸில் வாய்ப்பு தேடியவரை இத்தாலியக் கவிஞர் மரினோ கண்டுகொண்டார். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன புராணக் கதைகளை மரினோவுக்காக வரைந்தார் பூசான். மரமாக மாறிய மிர்ராவுக்கு அடோனிஸ் பிறக்கும் காட்சி அவற்றில் ஒன்று. இன்று அது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் விண்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது.

எப்படி வரைவார்?

முதலில் பேனாக் கோடு. பிறகு, மையில் தண்ணீர் கலந்து, நிழல் விழும் இடங்களில் பிரஷ்ஷால் தடவுவார். இதுதான் ‘வாஷ்’. வெளிச்சத்துக்குத் தனி நிறம் கிடையாது. சும்மா விட்ட காகிதம்தான் வெளிச்சம். நிழல் எங்கே விழும்னு பார்க்க, சின்ன மெழுகு பொம்மைகளைச் செய்து பெட்டிக்குள் நிறுத்திப் பார்ப்பாராம்.

அரசர் கூப்பிட்டும் தங்கவில்லை

1624-ல் ரோம் போய்ச் சேர்ந்தார். அங்கே நோயில் விழுந்தவரைக் கவனித்துக்கொண்டது டுகே குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஆன்-மரியை 1630-ல் மணந்தார். 1640-ல் மன்னர் 13-ம் லூயி பாரிஸுக்கு வரவழைத்து, லூவ்ர் அரண்மனையின் நீண்ட கூடத்தை அலங்கரிக்கச் சொன்னார். பெரிய பதவிதான். ஆனால், வேலைக் குவியலும் போட்டியாளர்களின் குடைச்சலும் தாங்கவில்லை. மனைவியை அழைத்து வருவதாகச் சொல்லி 1642-ல் ரோமுக்குக் கிளம்பியவர், திரும்பவே இல்லை.

நடுங்கும் கோடு

அதன்பிறகு கை நடுக்கம் படிப்படியாகக் கூடியது. ஓவியருக்கு இதைவிட என்ன சோதனை வேணும்? கடைசிக் கால ஓவியங்களில் பேனாக் கோடுகள் உடைந்து தடுமாறுகின்றன. ஆனாலும் உருவங்கள் எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. கைதான் தளர்ந்தது; கண் தளரவில்லை.

கடைசியாக எடுத்த பெரிய வண்ண ஓவியம் ‘அப்பல்லோவும் டாப்னியும்’. காதலிலிருந்து தப்பிக்க மரமாகப்போகும் பெண்ணின் கதை. இளமையில் வரைந்த அதே ஓவிட் உலகம். முடிக்க முடியாது என்று தெரிந்ததும், 1664-ல் நண்பர் மசிமியிடம் அப்படியே கொடுத்துவிட்டார். அதே ஆண்டு மனைவி இறந்தார். 1665 நவம்பரில் பூசானும் மறைந்தார்.

அடுத்த முறை இப்படியொரு ஓவியத்தைப் பார்த்தால், கோடு எவ்வளவு நேரா இருக்குன்னு பார்க்காதீங்க. காகிதத்தை எங்கே சும்மா விட்டிருக்கார்னு பாருங்க.