ஈசுவரசந்திர வித்தியாசாகரர் சரித்திரச் சுருக்கம்

கல்வியை ஈதல் ஒரு தருமம். ஈயத் தொடங்கிய கல்வியை இடையிலே அறாது காத்தல் அதனினும் பெரிய தருமம். பள்ளிக்கூடம் திறப்பார் பலர். திறந்த பள்ளி பொருளின்றித் தளரும்போது அதனைத் தாங்கி நிற்பார் சிலரே. அச்சிலருள் ஒருவர் வங்க தேசத்துப் பண்டிதர் ஈசுவரசந்திர வித்தியாசாகரர். அவர் சரித்திரத்தை நமது சைவ வித்தியாசாலை ஆசிரியர்கள் அறிதல் பெரிதும் பயன்றருமாதலின், ஈண்டுச் சுருக்கி எழுதுவாம்.

இவர் 1820 ஆம் வருஷம் செப்டெம்பர் மாதம் 26 ஆந் திகதி, மேதினிபுரப் பகுதியிலுள்ள வீரசிங்கம் என்னுங் கிராமத்திலே, ஏழைப் பிராமண குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் தாகூர்தாசர், தாயார் பகவதி தேவியார். தந்தையார் கல்கத்தாவிலே அற்ப வேதனத்திற்கு ஊழியஞ் செய்துவந்தார். பாலகராகிய ஈசுவரசந்திரர் அவருடன் கல்கத்தாவுக்குக் கால்நடையாகச் சென்றபோது, வழியிலிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பர். 1829 இலே சமஸ்கிருத கலாசாலையிற் சேர்ந்து, சமைப்பதும் பாத்திரந் துலக்குவதுமாகிய வீட்டுவேலைகளையுஞ் செய்துகொண்டே, இலக்கணம், காவியம், தருக்கம், வேதாந்தம் முதலியவற்றைக் கற்றுத் தேறினார். கல்விக்கடல் எனப் பொருள்படும் வித்தியாசாகரர் என்னும் பட்டம் அவ்வாறு வந்ததேயாம்.

1851 இலே தாம் கற்ற கலாசாலைக்கே அதிபரானார். அதுவரை பிராமணரும் வைத்தியருமாகிய இருசாதியார்க்கே திறந்திருந்த அக்கலாசாலையின் வாயிலை மற்றையோர்க்குந் திறப்பித்தார். 1855 இலே வர்ணபரிசயம் என்னும் பாலபாடத்தை வெளியிட்டார். அதனைக்கொண்டு வங்கச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக எழுத்தறிந்தனர். விதவைகள் மறுமணஞ் செய்தற்கு இடந்தரும் சட்டம் 1856 இலே நிறைவேறியதும் இவர் சாஸ்திர ஆதாரங்காட்டி வாதித்தமையாலேயாம்.

அக்காலத்திலே பெண்கள் எழுத்தறிந்தால் விதவையாவர் என்னும் மூடநம்பிக்கை அந்நாட்டிலே வேரூன்றியிருந்தது. கல்கத்தாவிலே 1849 இல் பெதூன் என்னும் ஆங்கிலப் பிரபு ஒரு பெண்பாடசாலை தாபித்தார். வித்தியாசாகரர் அதற்குக் காரியதரிசியாயிருந்து உழைத்தார். ஆயினும் அது நகரத்துக் கனவான்களின் புத்திரிகளுக்கே உதவிற்று. நாட்டுப்புறத்துச் சிறுமி கல்கத்தாவுக்கு எங்ஙனம் வருவாள்? அவளிடத்திற்குப் பள்ளிதான் செல்லவேண்டும். இதனை வித்தியாசாகரர் நன்குணர்ந்தார். வறிய வீட்டிற் பிறந்து வளர்ந்தவர் இதனை உணர்தல் வியப்பன்று.

அவர் 1855 முதல் ஊக்ளி, பர்துவான், மேதினிபுரம், நதியா என்னும் நான்கு பகுதிகளிலுள்ள பாடசாலைகளுக்குப் பரிசோதகராகவும் இருந்தார். பெண்பாடசாலைகள் திறக்கும்படி துணைத் தேசாதிபதி ஹாலிடே துரை வாய்மொழியாக ஊக்கப்படுத்தினார். கிராமத்தார் வீடு கொடுத்தால் ஆசிரியர் வேதனத்தை அரசினர் கொடுப்பர் என நம்பி, வித்தியாசாகரர் ஊர்தோறுஞ் சென்று பெற்றோரிடம் எடுத்துரைத்தார். 1857 நவம்பர் முதல் 1858 மே வரையுமாகிய ஏழு மாதத்துள்ளே 35 பெண்பாடசாலைகள் எழுந்தன. ஏறக்குறைய 1,300 சிறுமியர் அவற்றிற் சேர்ந்தனர்.

அப்பொழுது இடர் வந்தது. 1857 இன் கலகத்தினாலே அரசினர் பொருள்முடையுற்றிருந்தனர். எழுத்தாணையின்றித் திறந்த பள்ளிகளுக்குப் பணம் தரமுடியாதென இந்திய அரசாங்கம் மறுத்துவிட்டது. ஆசிரியர்களுக்கோ பல மாத வேதனம் நிலுவையாய் நின்றது. அத்தொகை 3,400 ரூபாவுக்கு மேற்பட்டது. வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கியது அவர் பிழையென்பாரும் உளர். பிழையேயாயினும், அதன் பாரத்தை அவர் ஆசிரியர் தலையிலே சுமத்திற்றிலர். தமது சொல்லை நம்பி வேலைசெய்தவர்களுக்குத் தாமே பொறுப்பாளி என்று நின்று, மேன்மேலும் எழுதி வாதித்தார். ஈற்றிலே அரசினர் அந்நிலுவையை மாத்திரம் இறுக்க இசைந்தனர். மேலே நடத்துதற்கு நிலையான உதவி தந்திலர்.

1858 இலேயே அவர் மாதம் 500 ரூபா வருவாயுள்ள உத்தியோகங்களைத் துறந்தார். அதற்குக் காரணங்கள் பல. பெண்பாடசாலைகளுக்கு நேர்ந்த இவ்விடரும் அவற்றுள் ஒன்று. உத்தியோகம் போயினும் பள்ளிகளை அவர் கைவிட்டிலர். பெண்கல்விப் பண்டாரம் ஒன்று தாபித்து, பிரபுக்களிடத்தும் ஆங்கில உத்தியோகத்தரிடத்தும் மாதாமாதம் பணம் பெற்றும், தமது புத்தக வருவாயிலிருந்து கொடுத்தும், பல பள்ளிகளை நடத்திவந்தார். தமது சொந்த ஊரிலும் இலவச பாடசாலை நடத்தினார். கல்கத்தாவிலே 1891 ஜூலை மாதம் 29 ஆந் திகதி தேகவியோகமாயினார்.

நமது நாவலர் பெருமான் 1822 இற் பிறந்தவர். வித்தியாசாகரருக்கு இரண்டாண்டு இளையவர். அவரும் வேதனமுள்ள உத்தியோகத்தைத் துறந்தார், 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், பாலபாடம் எழுதினார், பள்ளிக்காகப் பலரிடத்தும் பொருளிரந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டிலராயினும், அவர்கள் நடந்த வழி ஒன்றேயாம்.

ஆசிரியர்களே, இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளற்பாலது யாது? இலங்கையிலே 1945 இல் இலவசக் கல்வி வந்தது. அதனாலே கட்டணம் ஒழிந்தது, வறுமை ஒழிந்திலது. தம்பியைப் பார்க்கவும், தோட்டத்திற் களைபிடுங்கவும், நோயுற்ற தாய்க்கு உதவவும் சிறுமி வீட்டிலே நிறுத்தப்படுகின்றாள். முதலில் வாரத்துக்கு ஒருநாள் வாராள்; பின் மூன்று நாள் வாராள்; பின் இடாப்பிலே அவள் பெயருக்கு நேரே கோடு விழும். அக்கோட்டை எழுதும் கை நமது கையன்றோ?

எழுதுமுன் அவள் வீட்டுப் படலையைத் திறந்து உட்சென்று, தாய் தந்தையரோடு இருந்து பேசுவோமாக. வித்தியாசாகரர் ஊர் ஊராய்ச் சென்றார். நாம் ஓர் ஒழுங்கையளவேனுஞ் செல்லலாகாதா? கொப்பி இல்லையெனிற் கொப்பியும், சட்டை இல்லையெனிற் சட்டையும் ஊரிலே கேட்டுப் பெற்றுக் கொடுப்போமாக. பிறர்பொருட்டு இரத்தல் இழிவன்று. ஒரு சிறுமி மீண்டும் வந்து வாங்கிலே அமர்வாளாயின், அதுவே சிவபுண்ணியமாம்.