புயலின் வழி கண்ட பிடிங்டன்

ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலை கடந்து வந்து குற்றாலத்தில் சாரலைத் தூவும். தென்காசி மக்கள் அக்காற்றை விருந்தென வரவேற்பர். ஐப்பசி, கார்த்திகையில் வரும் காற்றோ வேறு தன்மையது. கீழைக் கடலில் புயல் கருக்கொண்டால், சில ஆண்டுகளில் இங்கும் பேரருவி செந்நிறமாய்ப் பெருக்கெடுக்கும், சிற்றாறு கரைபுரளும். அப்புயல் செல்லும் வழியை இன்று நாம் முன்னரே அறிகின்றோம். செயற்கைக் கோள்கள் இல்லாத காலத்தில் அவ்வறிவுக்கு வித்திட்டவருள் ஒருவர் ஹென்றி பிடிங்டன் ஆவார்.

பிடிங்டன் 1797 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். மாலுமியாகி, வாணிகக் கப்பலின் தலைவராக உயர்ந்தார். பின்னர்க் கடல் வாழ்வை விடுத்துக் கல்கத்தாவில் குடியேறினார். கப்பல் விபத்துகளை ஆராயும் மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார்.

மேற்கிந்தியத் தீவுகளைத் தாக்கிய புயல்களைக் கப்பற் குறிப்புகளின் துணையால் ஆராய்ந்து, வில்லியம் ரீடு என்பார் 1838 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அதனைக் கற்ற பிடிங்டன், வங்கக் கடற் புயல்களையும் அவ்வாறே ஆராயத் துணிந்தார்.

கப்பல் தலைவர்கள் தாம் இருந்த இடம், காற்றின் திசை, பாரமானியின் அளவு ஆகியவற்றை நாள்தோறும் ஏட்டில் எழுதிவைப்பது வழக்கம். புயலிற் சிக்கிய கப்பல்களின் ஏடுகளைப் பிடிங்டன் தேடித் திரட்டினார். ஒரே வேளையில் ஒவ்வொரு கப்பலும் இருந்த இடத்தைப் படத்திற் குறித்து, அங்கு வீசிய காற்றின் திசையை அம்புக்குறியால் காட்டினார். அம்புகள் ஒன்று கூடி வட்டமாயின. வட்டத்தின் நடுவே புயலின் மையம் புலனாயிற்று. மறுநாளைய மையத்தையும் குறித்து இரண்டையும் இணைத்தபோது புயலின் வழி தெரிந்தது.

1845 ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவினருகே சார்லசு ஹெடில் என்னும் கப்பல் புயலிற் சிக்கி, அதன் மையத்தை ஐந்து முறை சுற்றி மீண்டது. புயற்காற்று சுழன்று வீசுவது என்பதற்கு அதன் ஏடு சிறந்த சான்றாயிற்று.

1848 ஆம் ஆண்டில் பிடிங்டன் மாலுமிகளுக்கென நூலொன்று இயற்றினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று சைக்ளோன் என்னும் பெயரை அவரே படைத்தார். வட்டமும் அம்புகளும் பொறித்த, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் நூலுடன் வழங்கினார். மாலுமி அத்தகட்டைக் கடற்படத்தின்மீது வைத்துப் புயலின் மையம் இருக்கும் திசையை அறிந்து விலகிச் செல்லலாம்.

கல்கத்தாவின் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணினர். புயல் எழுப்பும் கடற்பெருக்கு அந்நகரை மூழ்கடிக்கும் என்று பிடிங்டன் 1853 ஆம் ஆண்டில் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. 1858 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பின்னர்க் கானிங் துறைமுகம் எழுந்தது. 1867 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புயலும் கடற்பெருக்கும் அதனைச் சிதைத்தன, துறைமுகம் கைவிடப்பட்டது.

அட்லாண்டிக் கடலில் 1851 ஆம் ஆண்டு முதல் வீசிய புயல்களின் வழிகளையும் வலிமையையும் அறிஞர் இன்றும் பழைய கப்பல் ஏடுகளைக் கொண்டு திருத்தமாக வரைகின்றனர். கொந்தளிக்கும் கடலிலும் கடமை தவறாது குறிப்பெழுதிய மாலுமிகளும், அவற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்த பிடிங்டனும் பிற்காலத்தாரின் உயிர் காத்தவராவர். கற்றோர் கூறும் எச்சரிக்கையை உரிய காலத்தில் ஏற்று நடத்தலே நாம் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறாகும்.