பாரிசவாதத்தின் காரணம் கண்ட சாவ்கவுசன் வைத்தியர்

ரைன் அருவியைப் பார்க்கப் போகும் எம்மவர்களில் பலர் பக்கத்திலுள்ள சாவ்கவுசன் நகரத்தையும் ஒருமுறை சுற்றிவிட்டு வருவார்கள். பாரிசவாதம் ஏன் வருகிறது என்று உலகுக்கு முதலில் காட்டிய வைத்தியர் அந்நகரத்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் யோகான் யாக்கொப் வெப்பர்.

வெப்பர் 1620 டிசம்பரில் சாவ்கவுசனில் பிறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஜேர்மன் நாடுகளில் முப்பதாண்டுப் போர் தொடங்கியிருந்தது. எல்லையில் இருந்த அந்நகரம் போரின் சத்தத்தைக் கேட்டபடியே வாழ்ந்தது. அவர் ஸ்ராஸ்பூர்க்கிலும் பாசலிலும் படித்தார். இத்தாலியின் பாதுவாவுக்கும் சென்று கற்றார். 1647இல் பாசலில் வைத்தியப் பட்டம் பெற்று, அதே ஆண்டிலேயே சொந்த ஊரின் நகர வைத்தியரானார்.

அந்தப் பதவியோடு அவருக்கு இன்னொன்றும் கிடைத்தது. நகர மருத்துவமனையில் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்க்க நகரசபை அனுமதித்தது. அக்காலத்தில் இது எளிதாகக் கிடைக்கும் அனுமதி அல்ல. வெப்பர் அதை முழுமையாகப் பயன்படுத்தினார். உயிரோடு இருந்தபோது நோயாளியிடம் கண்ட குறிகளைக் குறித்து வைப்பார். இறந்த பின் உடலில் கண்டதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வணிகம் படித்த எனக்கு இது நன்றாகப் புரிகிற முறை. பேரேட்டில் உள்ளதைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடாமல் எந்தக் கணக்கும் முடிவதில்லை.

அதுவரை திடீரென விழுந்து பேச்சும் உணர்வும் இழந்து இறந்தவர்களுக்கெல்லாம் அப்பொப்ளெக்சி என்ற ஒரே பெயர்தான். கபம் மூளையின் உட்குழிகளை அடைப்பதால் அது வருகிறது என்று கிரேக்க வைத்தியர் காலன் வழியாக வந்த விளக்கத்தை ஏறத்தாழ 1500 ஆண்டுகளாக வைத்தியர்கள் நம்பினார்கள். இரத்தம் உடலில் சுற்றி ஓடுகிறது என்று இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியிருந்ததை வெப்பர் ஏற்றுக்கொண்டவர். எனவே கபத்தைத் தேடாமல் இரத்தக் குழாய்களைத் தேடினார்.

1658இல் அவருடைய நூல் இலத்தீனில் வெளிவந்தது. இவ்வாறு இறந்த நால்வரின் கதையை அதில் விரிவாக எழுதினார். அவர்களின் தலைக்குள் அவர் கண்டது குழாயை விட்டு வெளியேறிய இரத்தம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்து நாடிகள் எந்த வழியாகப் போகின்றன என்பதையும் விவரித்தார். இரத்தம் கசிவதால் மட்டுமன்றி, குழாய் அடைபட்டு மூளைக்கு இரத்தம் போகாமல் விடுவதாலும் இந்நோய் வரலாம் என்றார். இன்றைய வைத்தியமும் பாரிசவாதத்தை இந்த இரண்டாகத்தான் பிரிக்கிறது.

அவர் வேலை மூளையோடு நிற்கவில்லை. நீரோரம் வளரும் ஒரு நச்சுச் செடியின் கிழங்கைச் சிறுவர்கள் தின்ற சம்பவத்தை ஆராய்ந்து, 1679இல் நச்சுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற பையர், மருமகன் புறுன்னர் ஆகிய இருவரின் பெயர்களும் சிறுகுடலின் பகுதிகளுக்கு இன்றும் வழங்குகின்றன. 1695 ஜனவரியில் வெப்பர் காலமானார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் உடலை ஆராய்ந்தவரின் உடலும் இறந்த பின் ஆராயப்பட்டது. தலை நோய்கள் பற்றிய அவருடைய குறிப்புகளைப் பேரர்கள் 1727இல் நூலாக்கினார்கள்.

அவர் தொடங்கிய பிரிப்பு இன்று இலக்கங்களாகிவிட்டது. ஜெனிவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாவது பதிப்பில், மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் நடு உறைக்குக் கீழே தானாக வரும் இரத்தக்கசிவு ஐ 60. மூளைக்குள்ளேயே வருவது ஐ 61. தடித்த வெளி உறைக்குக் கீழே தானாக வருவது ஐ 62.0. அதே இடத்தில் அடிபட்டு வந்தால் எஸ் 06.5. 2012 முதல் சுவிஸ் மருத்துவமனைகள் உள்நோயாளர் கட்டணத்தைக் கணக்கிடுவது இத்தகைய குறியீடுகளைக் கொண்டுதான்.

எம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊரில் எல்லாவற்றையும் தலையில் இரத்தம் கட்டிவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். இங்கே நோய் என்றால் நோய்க் காப்புறுதி. அதில் ஆண்டுக்குரிய தொகையை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். விபத்து என்றால், வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் விபத்துக் காப்புறுதி. அதில் அந்தத் தொகை இல்லை. வயதானவர்களுக்கு வெளி உறைக்குக் கீழே வரும் கசிவு, விழுந்து சில வாரங்கள் கழித்தும் தெரியவரலாம். எனவே அண்மையில் விழுந்தாரா, தலை எங்காவது இடிபட்டதா என்பதை வைத்தியரிடம் நாளோடு சொல்லுங்கள். மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆனால் திடீரெனத் தாங்க முடியாத தலைவலி, முகக் கோணல், கைகால் வழங்காமை, பேச்சுக் குழறல் கண்டால் எதையும் யோசிக்காமல் முதலில் 144ஐ அழையுங்கள்.

இறந்த பிறகே வெப்பரால் காரணத்தைக் காண முடிந்தது. இன்று ஸ்கேன் மூலம் உயிரோடிருக்கும்போதே காண முடிகிறது. அந்த வாய்ப்பு எம் வீட்டு முதியவர்களுக்குத் தவறிவிடக் கூடாது.